விருப்பம் கேட்ட தாள்

எங்கள் கன்னியர் மடத்தின் தலைவியை இன்றும் 'மேர்' என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், அம்மா என்று பொருள்படும் அந்தச் சொல் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

புதிய மேர் வந்த இரண்டாம் மாதமே ஆளுக்கொரு தாளை நீட்டினார். காலம் மாறிவிட்டது, நம் பணியும் மாற வேண்டும் என்றார். எங்கள் ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்றாம். ஷிப்டு வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலப் பெண்களோடு இரண்டு சிஸ்டர்கள் அங்கே போய்த் தங்க வேண்டுமாம். தாளில் ஒரே கேள்வி: உங்கள் விருப்பம் என்ன?

எனக்கு அப்போதே மனம் பறந்துவிட்டது. இருபத்தெட்டு வருடமாக ஹாஸ்டல் பிள்ளைகளின் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டு அலுத்திருந்தேன். அந்த வெளிமாநிலப் பெண்களை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், நின்றபடியே தூங்குவார்கள். அவர்களோடு போய் இருக்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் பேனாவை எடுத்ததும் என் கை 'தங்கள் சித்தம்' என்று எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டது. மேலே இருப்பவர் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மடத்தில் சேர்ந்த புதிதிலேயே பழக்கியிருந்தார்கள்.

அதன்பின் ஒரு வாரம் இருப்புக்கொள்ளவில்லை. செபமாலையில் எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். சாப்பாட்டு அறையில் யார் சிரித்தாலும், அவள்தான் போகப்போகிறாள் என்று தோன்றும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மேர் இரண்டு பெயர்களை வாசித்தார். ஜாஸ்லின், ஆனந்தமேரி. பதினொரு பேரில் ஜாஸ்லின் ஒருத்திதான் 'போகிறேன்' என்று எழுதியிருந்தாளாம். மற்ற பத்துப் பேரும் ஒரே வரி, தங்கள் சித்தம். அந்தப் பத்தில் ஆனந்தமேரி அக்காவை மேரே தேர்ந்தெடுத்திருந்தார். வயதில் சின்னவளான ஜாஸ்லின்மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவுக்கோ அறுபத்தேழு வயது. தையல் கூடத்தை விட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது.

மதியம் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மடித்த அங்கியையே பிரித்துப் பிரித்து மடித்தார். கண் சிவந்திருந்தது. போக விருப்பமா என்று கேட்டேன், அங்கியைப் பெட்டிக்குள் திணித்தார். கையைப் பிடித்து மேர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"நான் எழுதினது பொய் மேர். எனக்குப் போகணும்," என்றேன். எனக்கு இது வேண்டும் என்று இத்தனை வருடத்தில் நான் வாய்திறந்து கேட்டது அன்றுதான்.

மேர் கோபப்படவில்லை. அக்கா பக்கம் திரும்பி, அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டார்.

"தங்கள் சித்தம், மேர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து சொல்லுங்கக்கா," என்றேன். அக்கா தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்குப் பயமா இருக்கு மேர். நான் இங்கியே இருந்துடறேன்."

சொன்ன கையோடு முழங்காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். அறுபத்தேழு வயதில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்டுவிட்டதற்காகக் கேட்ட மன்னிப்பு அது. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.