மிதந்து போன வெள்ளீயம்

நுரையின் நிறத்தைக் கண்டதும் ஒலி முகம்மது தொட்டியருகே ஓடினான். பித்தளைபோல் மினுங்க வேண்டிய நுரை, காப்பிக் கசண்டு நிறத்தில் பொங்கித் தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலாங் ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது.

போவது வெள்ளீயம்.

மலாயாவிலிருந்து வரும் வெள்ளீய மணலில் கந்தகக் கல் கலந்திருக்கும். அதைப் பிரிப்பதுதான் அந்தத் தகரக் கொட்டகையின் பிழைப்பு. தொட்டியில் ஊற்றும் மருந்துத் துகளின் ஒரு முனை கந்தகக் கல்லைப் பற்றிக்கொள்ளும். மறுமுனைக்குத் தண்ணீரே ஆகாது. மேலேறும் காற்றுக்குமிழியைக் கவ்விக்கொள்ளும். கல் நுரையோடு வெளியேற, வெள்ளீயம் நனைந்து அடியில் தங்கும். இன்று அதுவும் சேர்ந்தல்லவா மிதக்கிறது!

போன வாரம் ஒரு தொட்டி கெட்டபோதே, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அழகப்பன் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை கெட்டுச்சுன்னா, நீ வேற வேலை பாத்துக்க, ஒலி." வீட்டில் மனைவி ஹலீமாவுக்கு நிறைமாதம்.

மோட்டாரை நிறுத்தினான். ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டான். சேம்பிலையில் விழுந்ததுபோல் தண்ணீர் மணலை நனைக்காமல் உருண்டோடியது.

"சேது! என் தொட்டியில என்னடா செஞ்சே?"

அரவை இயந்திரம் ஓட்டும் சேதுபதி சிரித்துக்கொண்டே வந்தான். "நேத்து ஆயுத பூசைல்ல, பாய்? என் மிசினை மட்டும் கழுவுனா நல்லாவா இருக்கும்? தேக்கா சந்தையில பார் சோப்பு வாங்கி, சுடுதண்ணியில கரைச்சு, உங்க தொட்டியையும் குழாய் முதக்கொண்டு ஊற வச்சேன். உங்க வேலை நிலைக்கணும்னு பொட்டும் வச்சேன் லா."

ஒலிக்குப் புரிந்துவிட்டது. சோப்புக்கும் இரண்டு முனைதான். அது பிடிப்பது வெள்ளீயத்தை.

"நல்லாக் கழுவி விட்டுடலாம், பாய்."

"தொட்டியில இருந்து போகும். மணல்ல ஒட்டுனது தண்ணிக்குப் போகாதுடா."

அதற்குள் அழகப்பன் வந்துவிட்டார். "மண்டோர், நான்தான் சோப்புப் போட்டேன்" என்று சேதுபதி முந்திக்கொண்டான்.

"நீ சும்மா இரு. ஒலி, ஓட்டுறதுக்கு முன்னால தொட்டியைப் பாத்தியா?"

"பாத்தேன், மண்டோர். பொட்டு இருந்துச்சு."

"பொட்டைப் பாத்தே. உள்ளே பாத்தியா?"

பார்க்கவில்லை. எனக்காகவும் ஒருத்தன் வேண்டியிருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்துபோய், அப்படியே மணலைக் கொட்டியிருந்தான்.

"முதலாளி வர்றதுக்குள்ள கிளம்பிடு" என்றார் அழகப்பன், அவன் முகத்தைப் பாராமலே.

ஒலி சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். சேதுபதி வாய்க்காலுக்குள் குதித்து இரு கையாலும் நுரையை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். அள்ள அள்ள விரலிடுக்கில் நழுவிப் போயிற்று.

"விடு, சேது. அது நிக்காது."

சேதுபதி நிமிரவில்லை. ஒலி ஒரு கோணிச்சாக்கை இழுத்துக்கொண்டு தானும் இறங்கி, வாய்க்காலின் குறுக்கே விரித்துப் பிடித்தான். பழுப்பு நுரை சாக்கில் மோதிப் புடைத்து, விளிம்பேறித் தாண்டியது.

"பாய், இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க!"

தூக்கித்தான் பிடித்திருந்தான்.