சொந்த விடை, இரவல் வழி

நாணயத்துக்கு அந்த வருஷம் பாளையங்கோட்டையில் விலை ஆறணா. விற்ற தானியேல் எட்டணா கேட்டான். வாங்கிய நூகு மூன்றில் ஆரம்பித்து ஆறில் முடித்தான்.

மெட்ரிகுலேஷனுக்கு யாரை அனுப்புவது என்று பள்ளிக்கூடத்தில் வைக்கும் பரீட்சைக்காக நடந்த பேரம் அது. தவறினால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மேலப்பாளையத்து அரிசிக்கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது வாப்பா அசன் மைதீனின் உத்தரவு. நூகுக்கோ கடையைத் தவிர எதுவானாலும் சம்மதம்.

கணக்கில் அவன் சோடையில்லை. கேட்ட மாத்திரத்தில் விடை சொல்வான். எப்படிப் போட்டாய் என்றால்தான் வாயடைத்துவிடும். கணக்குப் போடும் விதத்தை அடுத்தவன் முன் விரிக்கிறவன் லாபத்தையும் விரிக்கிறான் என்று கடையில் அடித்து வளர்த்திருந்தார்கள். கணக்கு ஆசிரியர் வேதநாயகமோ, வழி எழுதாத விடை களவு விடை என்று தினமும் பிரசங்கம் செய்தார். திருட்டுப் பட்டத்துக்குப் பயந்துதான், பக்கத்து இருக்கைத் தானியேலிடம் வழியை மட்டும் விலைக்கு வாங்கினான் நூகு. விடையெல்லாம் சொந்தச் சரக்கு.

மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நெல் வாங்காத வீட்டுப் பிள்ளை, வழியைப் படித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டான். ஐந்நூறு ரூபாய் அசலோடு நாற்பது வட்டியைக் கூட்ட வேண்டிய இடத்தில் தானியேல் கழித்திருந்தான். நூகும் கழித்தான், கழித்துவிட்டு, அடியில் ஐந்நூற்று நாற்பது என்று சரியாக எழுதினான்.

பரீட்சை முடிந்ததும், வேதநாயகம் இருவரின் தாள்களையும் நூகின் முன்னே வைத்தார்.

"இந்த வழியில போனா அந்த ஊரு வராதுல்லாலே?"

"விடை என்னுதுதான், சார். வழிதான் வாங்குனேன்."

அவர் வாயால் ஒரு கணக்குக் கேட்டார்; விடை வந்தது. இன்னொன்று கேட்டார், அதுவும் வந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

"வழி எழுதத் தெரியலைன்னு வெறுமனே விட்டிருந்தா, உன்னைக் கூப்பிட்டு இப்படித்தாம்லே கேட்டிருப்பேன். பாதி மார்க்கு போட்டிருப்பேன். பாதி போதும், நீ போயிருப்பே. இப்ப விஷயம் தலைமையாசிரியர்கிட்ட போயாச்சு."

அசன் மைதீன் நேரில் வந்து பேரம் பேசினார். ஐம்பது மார்க்கில் ஆரம்பித்து நாற்பது, முப்பத்தைந்து என்று தாமாகவே இறங்கினார். சரக்கு சுத்தம், கொஞ்சம் தள்ளுபடி போட்டு முடித்துவிடுங்கள் என்றார்.

"இங்கன ஒரே விலைதான், அண்ணாச்சி," என்றார் வேதநாயகம்.

வாப்பா மகனைக் கையோடு கடைக்குக் கூட்டிப்போனார். தலைமையாசிரியர் சிவப்பு மையில் முடித்த கணக்கு இது: கேள்வி பத்து. நூகின் சரியான விடை பத்து. தானியேலின் வழி பத்து. மார்க்கு, இருவருக்கும், சைபர்.