மேடைக்கு வேண்டிய முகம்

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, அந்த மின்விசிறிச் சத்தத்தில் பாதி காதில் விழாது. பொழிச்சலூரில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்த வீட்டுக்கு ஒரு பொன்னாடை வந்த கதை இது. எனக்குத் தெரிந்த வரைக்கும் ஒளிக்காமல் சொல்கிறேன். நடுவில் பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாமியார் பெயர் அமலராணி. கட்சி மகளிரணியில் அந்த வட்டத்துக்கு அவள்தான் அமைப்பாளர். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது, தொண்டை மட்டும் நிற்கவில்லை. பொழிச்சலூரில் விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது எல்லாரும் பேச்சைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பார்கள். அமலராணி நிறுத்த மாட்டாள். ஆர்ப்பாட்டத்தில் அவள் கோஷம் எடுத்துக் கொடுத்தால் மைக் எதற்கு என்று கேட்பார்கள்.

மருமகள் லால்ரின்பூயி, மிசோரத்துப் பெண். தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். திருமுடிவாக்கத்து லேத் பட்டறையில் வேலை செய்யும் ஃபிரெடி, கையைக் கிழித்துக்கொண்டு தையல் போட அங்கே போனான். காயம் ஆறிய பிறகும் போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் கல்யாணம். மகன் கூட்டிவந்த பெண்ணின் நீளமான பெயரை அமலராணி ‘ரினி’ என்று சுருக்கிக்கொண்டாள். ரினி தமிழைக் கற்றது மாமியாரின் வாயிலிருந்து. அதனால் மீன்காரரிடம் போய், “இன்னாண்ணா, நேத்து மீனை இன்னிக்கி விக்கிறியா?” என்று அவள் கேட்டால் தெருவே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அப்போதெல்லாம் அது நல்ல சிரிப்பு.

போன வருஷம் எதிர்க்கட்சிப் பேச்சாளர் ஒருவர் பம்மல் கூட்டத்தில், வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களைச் சப்பை மூக்குக் கூட்டம் என்றார். அவர்கள் குடியேறிய தெருவில் நாய் மிஞ்சாது என்றார். மறுநாள் காலையிலேயே மகளிரணி துடைப்பத்தோடு சாலைக்கு வந்துவிட்டது. அமலராணி என்ன செய்தாள் தெரியுமா? ரினியைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“இது எங்க வூட்டுப் பொண்ணு. இவ மூக்கைச் சொன்னவன் என் மூக்கைச் சொன்னவன். நான் உயிரோட இருக்கற வரைக்கும் ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த வாரமே பல்லாவரத்திலிருந்து முடிச்சூர் வரைக்கும் சுவரெல்லாம் ரினியின் முகம், கீழே கண்டன வாசகம். ரினி அதைப் படம் பிடித்து ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். ‘இந்த ஊர் என்னைப் பார்த்துக்கொள்ளும்’ என்று கூடவே எழுதியும் அனுப்பினாள்.

இந்த வருஷம் மாடம்பாக்கத்தில் ஒரு கூட்டம். பேசியவர் தேவானந்தம், அமலராணியின் கட்சிக்கே மாவட்டத் தலைவர். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத ஜனம் என்றார். நம் பையன்களை மயக்கி வீட்டுக்குள் புகுந்துவிடுகிறார்கள் என்றார். இப்படியே விட்டால் அடுத்த தலைமுறைக் குழந்தைக்கு நம் முகமே இருக்காது என்று முடித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ரினிக்கு அப்போது ஆறாவது மாதம்.

வேலை முடிந்து வரும் பஸ்ஸிலேயே அதை செல்போனில் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள், மாமியாரிடம் கேட்டாள்: “எம்மா, ஆர்ப்பாட்டம் எப்போ? நான் லீவு சொல்லணும்.”

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேதி கேட்டாள்.

“சொல்லி அனுப்புவாங்கம்மா” என்றாள் அமலராணி.

ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. போன வருஷம் நெருப்பாகப் பறந்த மகளிரணி வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் வந்தது. மறுநாள் மல்லிகைப்பூ போட்டு வந்தது. போன தடவை முதல் துடைப்பத்தைத் தூக்கிய ஜான்சிக்கு அமலராணி போன் செய்தாள். ஜான்சியிடம் பதில்கள் தயாராக இருந்தன. முன்னும் பின்னும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் பொதுவாகத்தான் சொன்னார். போன வருஷம் அவன் சொன்னது திமிர், இவர் சொன்னது இனத்தின் மேலுள்ள கவலை.

“நம்ம அண்ணனை நாமளே கேட்டா அவனுங்களுக்குக் கொண்டாட்டமாப் பூடும் அக்கா. எலெக்‌ஷன் நேரம். கொஞ்சம் கம்முனு இரு.”

அவனுங்களும் வந்தார்கள். எதிர்க்கட்சி எலியேசர் வாசலில் வந்து நின்று, கண்டனக் கூட்டம் போடுகிறோம், உங்கள் மருமகள் மேடையில் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். போன வருஷம் நாய்ப் பேச்சுப் பேசியவரே அவளுக்கு மாலை போடுவாராம். அந்த ஆளா என்று அமலராணி கேட்டதற்கு, எலியேசர் கொஞ்சமும் முகம் மாறாமல், “அது போன வருசம் அக்கா. இப்ப அவரு ரொம்ப ஃபீல் பண்றாரு” என்றார். அமலராணி கேட்டைச் சாத்தினாள்.

சாத்திய கேட்டுக்கு வெளியே தெரு மெல்ல மாறிக்கொண்டிருந்தது. தினமும் ரினிக்காக நின்று ஏற்றிக்கொள்ளும் ஷேர் ஆட்டோ இடம் இருந்தும் நிற்காமல் போயிற்று. டீக்கடையில் நின்ற பையன்கள் அவள் கடந்து போகும்போது விரலால் கண்ணோரத்தை இழுத்துக் காட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் போன வருஷத்துச் சுவரொட்டி ஒன்று கிழியாமல் மிச்சமிருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், அதில் ரினியின் கண் இரண்டையும் யாரோ ஆணியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். சுரண்டிய இடத்தில் சிமெண்டு தெரிந்தது. ரினி அதைப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அமலராணியும் பார்த்திருந்தாள். அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வட்டச் செயலாளர் சக்திவேல் வந்தான். ஒரு பை ஆப்பிள், மேலே மடித்து வைத்த பொன்னாடை. நாளைக்குக் கட்சி அலுவலகத்துக்கு மாவட்டத் தலைவர் வருகிறார், ரினி அவருக்குப் பொன்னாடை போர்த்தி ‘இவர் எனக்கு அப்பா மாதிரி’ என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும், வீடியோ எடுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றான். ரினி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அமலராணி. தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. அன்றைக்கு அவளும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள்.

சத்தம் ஓய்ந்ததும் சக்திவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “யோசிக்க இன்னா கீது அக்கா? புள்ளைத்தாச்சிப் பொண்ணு, தெனம் தனியா தாம்பரம் போயிகினு வருது. எந்த வண்டில போவுது, எப்போ திரும்புது, எல்லாம் பசங்களுக்குத் தெரியும். நான் சொல்ற வரைக்கும்தான் அவனுங்க சும்மா இருப்பானுங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஆப்பிளை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டுப் போனான்.

பட்டறையிலிருந்து வந்த ஃபிரெடி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். போர்த்திவிட்டு வந்துவிடலாம் என்றான். துணிதானே, ஒரு நிமிஷம்தானே என்றான். அவன் கோழையில்லை கண்ணுகளா, அவனுக்குப் பெண்டாட்டியும் குழந்தையும் பத்திரமாக இருக்க வேண்டும். அமலராணிக்கும் அதுதான் சரி என்று பட்டது. பொன்னாடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மருமகள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஒரே நிமிஷம் ரினி. நான் உன் பக்கத்துலயே நிப்பேன்.”

ரினி மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். “அன்னிக்கும் பக்கத்துல நின்னீங்க. மூக்கு, உயிரு, அதெல்லாம் சொன்னீங்களே. அது எனக்குச் சொன்னீங்களா, கட்சிக்குச் சொன்னீங்களாம்மா?”

அமலராணி எழுந்து பொன்னாடையைப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிறு காலை மாதா கோவிலில் பூசைக்குப் போய் வந்தார்கள். ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் முன்வரிசைக்காரர்கள் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. மதியம் பட்டறையில் அவசர வேலை என்று ஃபிரெடியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அப்படிக் கூப்பிட்டதேயில்லை. நான்கு மணிக்கு அமலராணி தனியாகக் கட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். பொன்னாடை பையில் இருந்தது.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மகளிரணி முழுக்க உட்கார்ந்திருந்தது. தேவானந்தம் நடுவில் இருந்தார். செல்போனை உயரப் பிடித்தபடி ஒருவன் தயாராக நின்றான். பொண்ணு எங்கே என்று சக்திவேல் வாசலையே பார்த்தான். அமலராணி பையிலிருந்து பொன்னாடையை எடுத்து, மடிப்புக் கலையாமல் தலைவருக்கு முன்னால் மேசையில் வைத்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“போன வருசம் இன்னா செஞ்சோமோ அதை இப்பவும் செய்யணும். யாராவது ஒருத்தி எழுந்து வாங்க.”

பெரிய குரலில் சொல்ல நினைத்தாள். வந்தது வீட்டில் பேசுகிற குரல்தான். ஜான்சி செல்போனைப் பார்த்தாள். இன்னொருத்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. யாராவது திட்டியிருந்தால்கூட அமலராணிக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

தேவானந்தம் கோபப்படவில்லை. வீடியோ எடுக்க இருந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினார். முகத்தில் நல்ல சிரிப்பு. “போங்கம்மா” என்றார். “பார்த்துப் போங்க.”

வெயில் இறங்கிய தெருவில் அவள் நடந்தாள். எப்போதும் கூட வரும் ஜான்சி வரவில்லை. பின்னால் ஒரு பைக் வந்தது, முந்திப் போகவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள், அப்போதும் போகவில்லை. திருப்பத்தில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் நடைக்குத் தகுந்தபடி உருண்டுவந்தார்கள். மளிகைக்கடைக்காரர் அவளைப் பார்த்தார், பின்னால் வருகிறவர்களைப் பார்த்தார், ஷட்டரைப் பாதி இறக்கினார்.

வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டறைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது. காவல் நிலையத்துக்கும் போன் போட்டாள். ஆள் வெளியே போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

ரினி இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“உள்ள போ” என்றாள் அமலராணி. “கதவைச் சாத்திக்கோ.”

“நீங்க மட்டும் எதுக்கு இங்க உக்காந்துகினு கீறீங்க?”

“உனக்குச் சொன்னதும்மா அது.” அமலராணி தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உனக்குத்தான் சொன்னேன். லேட்டாத்தான் எனக்கே தெரிஞ்சிது.”

ரினி நாற்காலியை மாமியார் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு, வயிற்றைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. அதற்குப் பக்கத்து வீட்டு ஜன்னலும் சாத்திக்கொண்டது. தெருமுனையிலிருந்து பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து கேட்டுக்கு நேராக நின்றன. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரும் இறங்கவில்லை. யாரும் போகவுமில்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டுக் குழந்தை யாருடைய மூக்கோடு பிறந்தாலும் தெரு அதைத் தூக்கிக் கொஞ்சட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்கிற வண்டி எப்போதும் விருந்தாளியின் வண்டியாகவே இருக்கட்டும். நீங்கள் கூப்பிட்டால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கட்டும். நன்றாக இருங்கள்.