சார்ஜ் ஏறியதற்கு மதிப்பெண் கிடையாது

கணக்கு வாத்தியார் பள்ளியில் இருந்த காலம் முழுவதும் யாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் கோடு கோணலாக இருக்கும். கோடு நேராக இருந்தால் ஓரத்தில் இடம் விட்டிருக்க மாட்டான். எல்லாமே சரியாக அமைந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு மூலையில் மை தீற்றியிருக்கிறது என்று அரை மதிப்பெண்ணைப் பிடுங்கிய பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுவார். ஓய்வு பெற்றால் மட்டும் அந்தக் கை சும்மா இருக்குமா? மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். மனைவியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். வழியில் கண்ணில் படுகிற சார்ஜிங் நிலையங்களுக்கெல்லாம் செல்போனில் ஸ்டார் போட ஆரம்பித்தார்.

அவருடைய முறை மிகவும் எளிது. மேலே கூரை இருக்கிறதா, உட்கார நல்ல நாற்காலி உண்டா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுகிறதா, காபி சூடாக இருக்கிறதா, நாலு பூச்செடி வைத்திருக்கிறார்களா, வரவேற்கிறவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார். வண்டிக்குச் சார்ஜ் ஏறியதா என்பதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

"சார்ஜிங் ஸ்டேஷன்னா சார்ஜ் ஏறத்தான் செய்யணும். அது கடமை. கடமையைச் செஞ்சதுக்கெல்லாம் மார்க் போட முடியுமா?" என்பார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அவர் சொல்கிற எல்லாமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அவரோடு குடித்தனம் செய்வதில் உள்ள கஷ்டமே அதுதான்.

அவர் எழுதுவதைப் பார்த்து நிலையம் நடத்துகிறவர்கள் பயந்தார்களே தவிர, 'பயனுள்ளது' என்று அதன் கீழே கட்டைவிரலை அமுக்குகிறவர்கள் அதிகம் இல்லை. ஆனால் ஒரு கட்டைவிரல் மட்டும் தவறாமல் வந்துவிடும். அது அவர் மனைவியுடையது. ஹாலில் உட்கார்ந்து எழுதி முடித்ததும் "போட்டுட்டேன்" என்று குரல் கொடுப்பார். சமையலறையிலிருந்து "சரிங்க" என்று பதில் வரும். பின்னாலேயே கட்டைவிரலும், மனைவி சிரித்துக்கொண்டிருக்கும் சின்ன போட்டோவும் வந்து நிற்கும். ஊரே கைதட்டினாலும் அந்த ஒரு கட்டைவிரலுக்கு ஈடாகாது என்பது வாத்தியாரின் எண்ணம். அதை அவர் வெளியே சொன்னதில்லை. அவர் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

வினை வந்தது மச்சினி வீட்டு வழியாக. மனைவியின் தங்கை நெடுஞ்சாலை ஓரம் தையல் கடை வைத்திருந்தாள். கடை வாசலில் சும்மா கிடந்த இடத்தில் ஒரு சார்ஜரையும் நட்டு வைத்தாள். வாத்தியார் முதல் ஆளாகப் போனார். சார்ஜ் சடசடவென்று ஏறியது. சொந்தக்காரர் என்று காசு கூட வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் இரண்டு ஸ்டார் போட்டார். கூரை இல்லை, பெஞ்சு ஆடுகிறது, பூச்செடி அறவே இல்லை என்று வரிசையாக எழுதினார். அதோடு விட்டாரா? 'நடத்துபவர் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. வந்தவர்களை விரட்டுவது போல் பார்க்கிறார்' என்றும் எழுதிவைத்தார்.

அன்றிலிருந்து தங்கை அக்காவோடு பேசுவதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது. சின்ன வயதிலிருந்து ஒரே போர்வையில் தூங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர். அக்காவுக்கு மனசே ஆறவில்லை. தங்கை இல்லாத வீட்டு விசேஷமும், தங்கையிடம் சொல்லாத ஊர் வம்பும் அவளுக்குச் சப்பென்று இருந்தன.

இன்று மகளைப் பார்க்க அந்தச் சாலை வழியாகத்தான் போகிறார்கள். காரில் ஏறியதுமே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ரெண்டு ஸ்டாரை எடுத்துடுங்களேன். போற வழியில இறங்கி அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடலாம்."

"சொந்தக்காரங்கன்னு மார்க்கைக் கூட்டினா நாளைக்கு எவன் என்னை நம்புவான்?"

"இப்ப மட்டும் எவன் நம்புறான்?" என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தையல் கடை வந்தது. வாசலில் ஒரு கார் நின்றது, உள்ளே தங்கையின் முதுகு தெரிந்தது. வாத்தியார் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் கூடக் குறைக்கவில்லை. சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச தூரத்தில் அவருடைய செல்லப்பிள்ளை இருந்தது.

செல்லப்பிள்ளை என்றால் சாதாரணப் பிள்ளை இல்லை. அவர் போன தடவை நாலரை ஸ்டார் கொடுத்த பெரிய நிலையம். இருக்கிற குறைகளையும் சரிசெய்யச் சொல்லி மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். உள்ளே நுழைந்ததும் டை கட்டிய மேனேஜர் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார்.

"வாத்தியார் சார்தானே? வாங்க சார், வாங்கம்மா. நீங்க எழுதினது ஒண்ணு விடாம செஞ்சுட்டோம்."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேனேஜர் சுற்றிக் காட்டினார். மெத்தை நாற்காலிகள் போட்ட குளுகுளு அறை. மெல்லிய இசை. கழிப்பறையில் ரோஜா வாசம். தாழ்ப்பாள் வெண்ணெய் போல விழுந்தது. வாத்தியார் அதை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். சுவரில் நீர்வீழ்ச்சிப் படம். அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "சொன்னா கேட்டு நடக்கிறவன் உருப்படுவான்."

"எல்லாம் சரி, சார்ஜ் எங்க போடுறது?" என்று கேட்டாள் அவள்.

மேனேஜர் முகம் லேசாகச் சுருங்கியது. "அது மட்டும்தாம்மா இப்போதைக்குக் கொஞ்சம் சிரமம்."

வாசலில் மூன்று சார்ஜர் இருந்த நினைவு வாத்தியாருக்கு. ஒன்று இருந்த இடத்தில்தான் இப்போது குளுகுளு அறை நின்றது. 'உட்கார இடம் போதவில்லை' என்று எழுதியவர் அவர்தான். இரண்டாவது சார்ஜருக்கு முன்னால் சிமெண்டில் பெரிய பெரிய தொட்டிகள் கட்டி, செடி வைத்து, பூவும் பூத்திருந்தது. கார் அதைத் தாண்டி வர முடியாது, வயரும் அதைத் தாண்டி எட்டாது. வாத்தியார் மூன்றாவதைப் பார்த்தார்.

"இதுல ஏன் வெளக்கே எரியலை?"

"ஓடினா உறுமுதுன்னு எழுதியிருந்தீங்களே சார். உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இடைஞ்சலா இருக்குன்னு. அணைச்சு வெச்சுட்டோம். இப்ப ஒரு சத்தம் கேக்குதா பாருங்க."

சத்தம் கேட்கவில்லைதான்.

"அப்ப உள்ள இருக்கிறவங்க எல்லாம்?" என்றாள் மனைவி.

"சத்தம் வராத மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கோம்மா. அது வர்றதுக்காகக் காத்திருக்காங்க. ரொம்ப வசதியாத்தான் காத்திருக்காங்க."

மேனேஜர் காபி கொண்டுவந்து கொடுத்தார். காபி கொதிக்கக் கொதிக்க இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இதுவரை அவரே வகுத்து வைத்த முறைப்படி பார்த்தால் ஐந்துக்கு ஐந்து போட வேண்டிய இடம். அந்த எண்ணம் வந்ததும் காபியைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார்.

"திரும்பிப் போனா தங்கச்சி கடை இருக்கு" என்றாள் மனைவி. அவள் குரலில் இருந்தது வருத்தமா சந்தோஷமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வண்டியைத் திருப்பினார்கள். ஏசியை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, மாட்டு வண்டியைக் கூட முந்தாமல் போனார்கள். சார்ஜ் காட்டும் எண் ஒவ்வொன்றாகக் குறையும்போது அவர் முகமும் கூடவே இறங்கியது. மச்சினி முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவர் கவலை. மனைவிக்கோ, கடை வாசலில் கால் வைக்கச் சாக்குக் கிடைத்ததே போதும் என்றிருந்தது. தங்கை வாயைத் திறந்து பேசுவாளா என்பதுதான் அவளுக்குச் சந்தேகம்.

கடை வாசலில் ஒரு கார் சார்ஜ் ஏறிக்கொண்டு நின்றது. அதன் சொந்தக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்று உடம்போடு ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்தச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள் தங்கை.

"அந்தப் பெரிய ஸ்டேஷன்ல இருந்து வர்றீங்களா?" என்றார் அவர். "நாங்க எல்லாருமே அப்படித்தான். அங்க காபி குடிச்சிட்டு இங்க வந்து சார்ஜ் போடுவோம். இருங்க, என்னோடது முடிஞ்சுது, எடுத்துக்குறேன்."

வாத்தியார் சார்ஜர் பக்கம் போய் நின்றுகொண்டார். தங்கை வெளியே வந்தாள். வாய் நிறையக் குண்டூசி. அந்த வண்டியிலிருந்து வயரைக் கழற்றி இவர்கள் வண்டியில் மாட்டினாள். மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அக்காவைப் பார்க்கவே இல்லை. மறுபடியும் உள்ளே போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவும் பின்னாலேயே போனாள். கடையின் ஜன்னல் சார்ஜருக்கு நேராகத் திறந்திருந்தது. வாத்தியார் வயரைச் சரிபார்ப்பது போல அங்கேயே நின்றார்.

"எழுதினது அவர்டி. நான் என்ன பண்ணேன்? எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்கிற?"

தங்கை வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேலிருந்த பஞ்சு உருண்டையில் குத்தினாள்.

"மாமா எழுதினதுக்கு யாரு கோவிச்சுக்கிட்டா? என் கல்யாணப் பத்திரிகையில தப்பைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பின மனுஷன். அவரைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீதான்க்கா."

"நானா?"

"என் மூஞ்சியில சிரிப்பு இல்ல, விரட்டுற மாதிரி பார்க்கிறேன்னு எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ ஒரே ஒரு கட்டைவிரல். யாருடா இதுன்னு பார்த்தா நீ. பல்லைக் காட்டிக்கிட்டு உன் போட்டோ. வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டு எப்படிக்கா சிரிக்க முடியும்? ஊருக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியாதா? நானும் நீயும் ஒண்ணாத்தானே தையல் கத்துக்கிட்டோம்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"அய்யோ, நான் அதைப் படிக்கவே இல்லடி."

"படிக்காமலா கட்டைவிரல் தூக்கினே?"

"எதையுமே படிச்சதில்ல. மூணு வருஷமா அவர் எழுதினதுல ஒரு வரி கூடப் படிச்சதில்ல. 'போட்டுட்டேன்'னு ஹால்ல இருந்து சத்தம் வரும். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருப்பேன். கை ஈரமா இருந்தா முழங்கையால அமுக்குவேன். ஒரு நாள் மூக்கால கூட அமுக்கியிருக்கேன். அமுக்கலைன்னா அடுப்படிக்கே வந்து வாய்விட்டுப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சுடுவாருடி. கழிப்பறை, தாழ்ப்பாள்னு எத்தனைதான் கேக்குறது?"

தங்கை அவளையே பார்த்தாள். மூக்கால் அமுக்குகிற அக்கா அவள் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. அடுத்து இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அழுகை எது சிரிப்பு எது என்று தெரியாமல் குலுங்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று மாதமாக அடைபட்டுக் கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. பித்தானுக்காகக் காத்திருந்தவரும் என்ன விஷயம் என்றே தெரியாமல் சிரித்தார்.

வாத்தியாரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். குடும்பச் சண்டை தீர்ந்தது, வண்டிக்கும் சார்ஜ் ஏறுகிறது. அவரோ கையில் பிடித்த வயரை விடாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"இந்தா" என்று கூப்பிட்டார். "அந்த மலைப்பாதை ஸ்டேஷன் பத்தி எழுதினேனே, அதையும் படிக்கலையா?"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "எந்த மலைப்பாதை?"

போன வருஷம் ஒரு மலைப்பாதையில் சார்ஜர் பழுதாகி, ஆள் வந்து சரிசெய்கிற வரை அவர்கள் இருவரும் ஒரு மரத்தடியில் காத்துக் கிடந்தார்கள். அவள் துண்டை விரித்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் தான் அடித்த லூட்டிகளை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிரவு அவர் எழுதினார்: 'உடன் வந்தவர் என் மனைவி. அதனால் காத்திருந்ததே தெரியவில்லை. இவர் கூட வருவதாக இருந்தால் எந்த இடத்திலும் எத்தனை நேரமும் காத்திருப்பேன்.' அதற்கும் உடனே கட்டைவிரல் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவளும் கேட்டுக்கொண்டாள் என்று அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் அவள் வழக்கம்போல இருந்ததைப் பார்த்து, வெட்கப்படுகிறாள் என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்ளவும் செய்தார்.

"என்ன எழுதியிருந்தீங்க?" என்று மனைவி ஜன்னலருகே வந்து கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையோடு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பின்னால் தங்கை ஊசியும் நூலுமாக எட்டிப் பார்த்தாள். சட்டை இல்லாதவரும் பெஞ்சிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்தார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"அங்க வெயில் ஜாஸ்தின்னு எழுதியிருந்தேன்" என்றார்.