சலூன் செலவு

என் மனைவி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். "அசையாதீங்க. பேசாதீங்க. முக்கியமா சிரிக்காதீங்க" என்றாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு, என் கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டைக் கட்டி, கையில் ரேசரோடு அவள் நின்ற தோரணையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மகள் கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்குத்தான் சிரிக்க வழியில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை நானே செய்துகொள்கிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பி முகவாயில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் டேப் ஒட்டாமல் நேர்கோடு இழுக்கிற பெயிண்டர் கை இது. என் முகத்தில் வைத்தால் மட்டும் கோணிக்கொள்கிறது. அவளுக்குத் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளில் தொங்கும் நூலைத் துணியில் படாமல் சின்னக் கத்திரியால் நறுக்கி நறுக்கிப் பழகியவள். அதனால் என் முகம் அவள் பொறுப்புக்குப் போய்விட்டது.

எல்லாம் அந்த மாடி வீட்டுக்காகத்தான். எங்கள் வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு வந்து இங்கேயே தங்கப்போகிறானாம். பள்ளிக்கூடம் லீவு விடுகிறவரை இருந்துகொள்ளுங்கள், அதற்குமேல் முடியாது என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டார். அவள் அசரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளேயே குழாய். மகள் படிக்க ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. எல்லாம் சரி, அட்வான்ஸ்தான் யானை விலை சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். "பெரிய செலவெல்லாம் நம்ம பேச்சைக் கேக்காதுங்க. வாடகை, அரிசி, ஸ்கூல் ஃபீஸ், எதாவது கேக்குமா? சின்னதுதான் சொன்ன பேச்சு கேக்கும். அதப் புடிப்போம்." முதலில் தன்னுடையதைத்தான் பிடித்தாள். கம்பெனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவதை விட்டாள். கேட்டுக்கு வெளியே நாலு பேரோடு நின்று குடிக்கிற டீயை விட்டாள். நடந்து வந்து, குதிகாலைச் சுவரில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அதைப் பார்த்த பிறகு என் சலூன் செலவை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மூக்குக்குக் கீழே வரும்போது தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். காதோரம் வந்ததும் புது வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். ஜன்னலுக்குத் திரை எந்த நிறத்தில் போடலாம், சுவருக்கு நீங்களே அடித்துவிடுங்கள், மிச்சம் விழுந்த பெயிண்ட் டப்பா எதாவது கிடைக்குமா. நான் வாயைத் திறக்கக்கூடாது என்பதால் கண்ணாலேயே பதில் சொல்வேன். முடிந்ததும் ஈரக்கையால் என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டி, "பாத்தீங்களா, வழவழன்னு. இதுக்குப் போயி காசு குடுத்துட்டிருந்தீங்க" என்பாள். சலூனுக்குக் கொடுத்திருக்கவேண்டிய காசு, அட்வான்ஸுக்காக அவள் வைத்திருந்த உண்டியல் டப்பாவுக்குள் விழும். அந்தச் சத்தத்தில் அவள் முகம் கொஞ்சம் இளமையாகிவிடும்.

வேலை குறைந்தது எப்போது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதல் வாரம் பாதி நாள்தான் இருந்தது. இது நடக்கிறதுதான் என்று இருந்தேன். அடுத்த வாரம், எனக்கு வேலை கொடுக்கிற மேஸ்திரியிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. வழக்கமாக அந்த மாதங்களில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நான் வீட்டில் உட்கார்ந்து பிரஷ்களைக் கழுவினேன். கழுவின பிரஷ்களையே மறுபடியும் கழுவினேன். என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. கடைசியாகச் செய்த வீட்டில் ஹால் சுவர் காய்ந்த பிறகு ஒரு மூலையில் திட்டாகத் தெரிந்தது. அந்த வீட்டம்மா மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதுவாக இருக்குமோ? சுவருக்குப் பட்டி பூசும்போது மேலே தூக்கின கையைச் சட்டென்று கீழே போட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டேனே, அதைக் கவனித்துவிட்டாரோ? கை போய்விட்டது என்று நினைத்துவிட்டாரோ? யோசிக்க யோசிக்க எல்லாமே காரணமாகத் தெரிந்தது. மனசு கேட்காமல் ஒருநாள் அவருக்குப் போன் போட்டேன். "சொல்றேன்பா, சொல்றேன்" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் செய்தது தப்போ என்று தோன்றியது. எங்கள் தொழிலில் வேலை கேட்டு யாரும் போன் போடமாட்டார்கள். போட்டால் ஆள் சும்மா கிடக்கிறான், கூலியைக் குறைத்துக் கேட்கலாம் என்று அர்த்தம்.

அவளிடம் எதையும் முழுசாகச் சொல்லவில்லை. "சைட்ல இன்னும் பூச்சு காயலையாம்" என்றேன். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. டப்பாவில் இருந்ததோடு கம்பெனியில் முன்பணமும் வாங்கி, மாடி வீட்டுக்காரருக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தாள். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் டோக்கனும் போச்சு, வீடும் போச்சு. அதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மளிகைக் கடையில் சலூன்காரரைப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, நீங்க ஊர்லதான் இருக்கீங்களா?"

"எங்க போகப்போறேன்?"

"அட, மேஸ்திரி ஒரு ஞாயித்துக்கெழம கேட்டாரு, எங்கய்யா நம்ம ஆளுன்னு. ரெண்டு மூணு வாரமா வரல, வேற மேஸ்திரிகிட்ட சேந்துட்டாரோ என்னவோன்னு சொல்லிவச்சேன். தப்பா நினைக்காதீங்க. அவரும் சரின்னு பக்கத்துல உக்காந்திருந்தவர கூட்டிக்கிட்டாரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது என் தலைக்குள் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி அந்தச் சலூனுக்கு வருவார். ஷேவிங்குக்குக் காத்திருக்கும்போதே பெஞ்சில் இருக்கிறவர்களைப் பார்த்து, நாளைக்கு வந்துடு, நீயும் வந்துடு என்று சொல்லிவிடுவார். இத்தனை வருஷமும் எனக்கு வேலை அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனால் அதை வேலை தேடுகிற இடம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. முகத்தைச் சிரைத்துக்கொள்கிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், அவரிடம் என் நம்பர் இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் போன் போட்டபோதாவது கேட்டிருக்கலாமே? அப்படியென்றால் அந்தச் சுவர்த் திட்டுதான் காரணமா? சலூன்காரர் சொன்னது சும்மா ஒரு சாக்கா? இரண்டும் சரி என்று பட்டது. இரண்டும் இல்லை என்றும் பட்டது. எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவரை நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தேன்.

சலூனில் சும்மா போய் உட்காரவும் முடியாது. அங்கே இருப்பது ஒரே பெஞ்சு. ஓசிப் பேப்பர் படிக்க வருகிறவர்களை எழுப்பிவிட சலூன்காரர் வாய்கூசமாட்டார். அதுவும் போக, வேலைக்காக வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் போன் போட்டதைவிடக் கேவலம். தாடியோடு போகவேண்டும். தாடி இருக்கிறவன் சலூனுக்குப் போவதில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முக்காலி போட்டாயிற்று. அன்றைக்கு அவளுக்கு ஓவர்டைம், சீக்கிரம் கிளம்பவேண்டும். அந்த அவசரத்திலும் வெந்நீர் வைத்திருந்தாள்.

"இன்னைக்கு வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"சலூன்லயே பண்ணிக்கலாம்னு..."

ரேசரைக் கழுவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "எதாவது எரியுதா? போன வாரம் அழுத்திட்டேனா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன? என் கை புடிக்கலையா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் ஒற்றைக் காலில் நின்றாள். குதிகால் வலிக்கிற நாளில் அப்படித்தான் நிற்பாள். அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் அந்த மூன்று வார்த்தையையும் சொன்னால், நீ மிச்சம் பிடித்த காசுதான் என் வேலையைத் தின்றுவிட்டது என்று ஆகிவிடும். அது உண்மையா என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை எடுத்து, நடந்து நடந்து வீங்கிப்போன அந்தக் காலின்மேல் போட எனக்கு மனசு வரவில்லை. போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தாள். கடைசியில் கன்னத்தைத் தட்டவில்லை, உள்ளங்கையை ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

அவள் கிளம்பிப்போன பிறகு, டப்பாவில் போட என்னிடம் கொடுத்திருந்த காசை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. எதிரில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சலூன் வாசலில் மேஸ்திரியின் வண்டி நின்றிருந்தது. உள்ளே அவர் பெஞ்சில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், முகம் தெரியவில்லை. பக்கத்தில் இரண்டு பேர். நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து காசு கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்தது யார் முறை என்றுகூடப் பார்க்காமல், விறுவிறுவென்று போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "முறை பாத்து உக்காருங்கப்பா" என்று பெஞ்சில் ஒருவர் முனகினார். மேஸ்திரியின் குரல் இல்லை அது.

சலூன்காரர் துணியை உதறி என் கழுத்தில் கட்டினார். தண்ணீர் தெளிக்கும் முன் வழக்கம்போலக் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த கை அங்கேயே நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியிலேயே எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சைப் பார்த்தார். நான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் பவுடர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் சூடாக இருந்தன. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. எழுந்தால் ஏன் எழுந்தேன் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

"என்னண்ணே, ஆளையே காணோம். ரொம்ப வளந்துபோச்சே" என்றார் சலூன்காரர், கடை முழுக்கக் கேட்கிற குரலில்.

பிரஷ்ஷை எடுத்து, கிண்ணத்தில் நிதானமாகக் குழைத்து, என் முகம் முழுக்க நுரையை அப்பினார். கன்னம், முகவாய், கழுத்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. பிறகு பாதிப் பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதோரத்தில் ஆரம்பித்தார். கத்தி கன்னத்தில் இறங்கியது. முடி அறுபடுகிற அந்தச் சரசரப்பு கொஞ்சமும் வரவில்லை. கண்ணாடியில், எனக்குப் பின்னால், மேஸ்திரியின் பேப்பர் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.