உருளைக்கிழங்கு மேலே போன வண்டி

சால்ட் ஃபோர்க் ஊரில், மலைத்தடத்தில் நாளை கவிழப்போகிற வேனுக்குள் இருக்கும் சாமான்கள் முதல்நாளே கவிழும் பக்கமாகச் சரிந்துவிடும். வண்டி சமமான சிமெண்ட் தரையில் நின்றாலும் சரியும். முதலில் இது நடந்தது ஒரு பல் மருத்துவரின் வண்டியில். வெர்லீனும் அவள் கணவன் தேனும் தங்கள் பட்டறையில் அதை உயர்த்தி, அடியில் இரும்புத் தகடு அடித்து, பெரிய டயர் மாட்டி, முன்னால் இழுவைக் கயிறு பூட்டி முடித்த மாலையில், வண்டிக்குள் சமையலுக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கெல்லாம் இடப்பக்கம் உருண்டு போய் ஒட்டிக்கொண்டன. வலப்பக்கம் எடுத்து வைத்தால் மறுபடியும் இடப்பக்கம் போயின. மருத்துவர் சிரித்தார். மறுநாள் குருட்டுக்குதிரை என்கிற மலைத்தடத்தில் வண்டி இடப்பக்கமாக உருண்டது, தோள்பட்டை முறிவோடு மனுஷன் தப்பினார். அடுத்த வசந்தத்தில் இன்னொருவருக்கு வலப்பக்கம். காப்பீட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் ரசமட்டத்தோடு வந்து பட்டறைத் தரையை அளந்து பார்த்துவிட்டு, போய் பிரீமியத்தை ஏற்றிவிட்டார்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வசந்தந்தோறும் வேன்களில் வரிசையாக மலையேறும் ஊர்க்குழு கிளம்புவதற்கு முதல்நாள் வெர்லீன் ஒவ்வொரு வண்டியின் தரையிலும் ஓர் உருளைக்கிழங்கை வைப்பாள். அது அசையாமல் கிடந்தால் போகலாம், உருண்டால் அந்த வருஷம் வீட்டில்தான். யாரும் வாதாடியதில்லை. வெர்லீனுக்கும் அதில் பயம் எதுவும் இருந்ததில்லை, ஏனென்றால் அதுவரை உருண்டதெல்லாம் ஊரான் வீட்டு வண்டிகளில்தான்.

அவள் மகள் கெஸ்ஸா பழைய தபால் வேன் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே தடத்துக்குத் தயார் செய்திருந்தாள். குழுவில் வால் வண்டி அவளுடையது. வரிசையில் கடைசியாகப் போக வேண்டும், முன்னால் யார் சிக்கினாலும் இழுத்துவிட வேண்டும், எல்லாரும் கடந்தபிறகுதான் தான் கடக்க வேண்டும். கெட்டிக்காரர்களுக்குத்தான் அந்த இடம் கொடுப்பார்கள். அந்த வசந்தத்தில் வெர்லீன் மகளின் வண்டியில் வைத்த உருளைக்கிழங்கு இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. நேரே மேலே எழும்பிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது.

வெர்லீன் தேனைக் கூப்பிட்டாள். தேன் ஏணி வைத்து ஏறி, கிழங்கைப் பிடுங்கிக் கீழே விட்டுப் பார்த்தான். அது மேலே போயிற்று. குழுத் தலைவர் ஆர்வெல்லைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இடம், வலம், முன்ன, பின்ன. இதுக்குத்தான் நம்ம வழக்கம் இருக்கு. மேலன்னு ஒண்ணு இல்லையே, வெர்லீன்."

"இல்லாட்டி என்ன? எம் பொண்ணு தலைகீழா விழப் போறா, அதான் அர்த்தம்."

"நீ எதுக்கும்மா இல்லாத அர்த்தத்தை எல்லாம் கண்டுபிடிக்கிற?" என்றாள் கெஸ்ஸா. "நான் வரலைன்னா வால் யாரு? பல் டாக்டரா?"

அன்று சாயங்காலம் வெர்லீன் மகளின் வண்டியிலிருந்து எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த ஊர்க்காரி செய்யக்கூடாத தப்பு அது. குழுவில் ஒரு வண்டி படுத்துவிட்டால் மற்ற வண்டிகள் நகரக்கூடாது என்பதுதான் அவர்களுடைய முதல் சட்டம், அவளே எத்தனையோ புதுசுகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. பயத்தில் அது மறந்துபோயிற்று. விடிந்ததும் கெஸ்ஸாவின் வண்டி கிளம்பவில்லை என்று கேட்டதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் பெட்டி பெட்டியாகச் சாமானோடு ஓடி வந்தது. காலைக்குச் சுட்ட பான்கேக் ஆறுவதற்குள் வேறு ரிலே மாட்டி வண்டியை உறுமவைத்தார்கள். வெர்லீன் பேட்டரி வயரை நறுக்கினாள். அதையும் ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சந்தோஷமாகச் சரிசெய்தார்கள். கடைசியில் அவள் மகளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

"நீ பண்ணின வேலைதானே எல்லாம்?" என்றாள் கெஸ்ஸா.

"ஆமா. ஓட்டு."

தடத்தின் வாயில் எல்லாரும் இறங்கி, பாறையில் பிடிப்புக்காக டயர்க் காற்றைக் குறைத்தார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏறினார்கள். குருட்டுக்குதிரையின் பாதி வழியில் பாதை ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கும். ஒரு பக்கம் அதலபாதாளம், தலைக்கு மேலே குடைபோல நீட்டிக்கொண்டிருக்கும் செம்பாறை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கடக்கக் கடக்க, விளிம்பிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வெர்லீன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டை இன்னும் ஒருதரம் இறுக்கிக்கொண்டாள். கெஸ்ஸா நடுவழிக்கு வந்தபோது முன்னாலும் பின்னாலும் பாதை சேர்ந்தாற்போல இடிந்து கீழே போயிற்று.

வண்டி கீழே போகவில்லை. மேலே எழும்பி, நிதானமாகப் புரண்டு, நான்கு சக்கரமும் குடைப்பாறையின் அடியில் பதிய நின்றது. வெர்லீனின் தலைமுடி பாதாளத்தைப் பார்த்துத் தொங்கியது, சட்டைப்பையிலிருந்த ரிலே நழுவி விழுந்தது. அது அடி சேர்ந்த சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. ரேடியோவில் ஆர்வெல் கூப்பிட்டார்.

"வால் வண்டி, வர்றியா?"

"வந்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள் கெஸ்ஸா. "மேல பாருங்க."

அவள் முதல் கியரில், பாறையை மிதித்து மிதித்து மெல்ல ஓட்டினாள். வெர்லீன் ஸ்டியரிங்கைத் தொடாமல் மகளின் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டாள். சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை, "மெதுவா, மெதுவா" என்பது மட்டும்தான் வந்தது. அக்கரையில் எல்லாரும் இறங்கி நின்றிருந்தார்கள். ஆர்வெல் வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கி, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று வழிகாட்டி, தலைகீழாக வந்த வண்டியைத் தரையில் இறக்கினார். அதற்கப்புறம் சாப்பிட்டார்கள். வெர்லீனால் தட்டைப் பிடிக்க முடியவில்லை, பல் மருத்துவர் ஊட்டிவிட்டார்.

இடிந்த பாதையை யாரும் கட்டவில்லை. குழு இப்போது அந்த இடத்தைக் கீழே ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. வால் வண்டி மட்டும் பழைய வழியிலேயே, பாறையின் அடிப்பக்கமாகப் போகிறது. டயர்த் தடம் அங்கே நன்றாகவே விழுந்துவிட்டது. பட்டறையில் தலைகீழ் ஓட்டத்துக்கும் பெல்ட் பூட்டிக் கொடுக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு வசந்தத்திலும் வெர்லீன், வர மாட்டேன் என்று ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு, கிளம்பும் அன்று முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். குடைப்பாறை வந்ததும் கண்ணை மூடி மகளின் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். கெஸ்ஸா அதற்கென்றே ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறாள்.