பேசியதாக எழுதிய பதினோரு நாள்

நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது பல் டாக்டரின் கிளினிக்கும் மூடிக் கிடந்தது. அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லியே பதினைந்து வருஷம் பிழைத்தவள் அவள். இப்போது எல்லார் வாயிலும் முகக்கவசம். சும்மா இருப்பதற்கு உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று ஒரு தொண்டு அமைப்பில் பெயர் கொடுத்தாள். பள்ளி மூடியதால் படிப்பு நின்றுபோன ஏழைப் பிள்ளைகளைப் போனிலேயே படிக்க வைக்கும் வேலை. தினமும் மாலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம்.

அவளுக்கு வாய்த்தது ஒன்பது வயசுப் பெண். அப்பா இல்லை, அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை; படிப்புக்காக வீட்டில் இருந்த ஒரே போனை மகளிடம் விட்டுவிட்டுப் போவாள். பிள்ளை ஒரு வரி படித்தால் ஒன்பது கேள்வி கேட்பாள். "அக்கா, பிடுங்கின பல்லை எல்லாம் என்ன செய்வீங்க?" டாக்டர் அவளுக்கு வாயாடி என்றே பெயர் வைத்துவிட்டாள்.

ஆரம்ப சூரத்தனம் மூன்று வாரம் தாங்கியது. பிறகு ஒருநாள் அசந்து தூங்கிப்போனாள். மறுநாள் டிவி தொடரில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள், இரண்டு நாள் விட்டதற்கு என்ன சொல்வது என்ற கூச்சத்திலேயே விட்டாள். அமைப்புக்கு அனுப்பும் வாரப் படிவத்தில் மட்டும் கை கூசாமல் எல்லா நாளுக்கும் 'பேசினேன்' என்று குறித்தாள். இப்படியே பதினோரு நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் காலையில் வீடியோ கூட்டம். ஒருங்கிணைப்பாளர் அவளைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, "இப்போ டாக்டரோட மாணவியே பேசட்டும்" என்றார். திரையில் முன்பல் விழுந்த ஒரு முகம் வந்தது. அன்றுதான் அவள் அந்த முகத்தையே பார்க்கிறாள்.

"அக்கா தினமும் கூப்பிடுவாங்க," என்றாள் வாயாடி. "நேத்துகூட நரிக் கதை படிச்சேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டர் சிரித்து வைத்தாள். பக்கத்தில் இருந்த கணவன், "நேத்து அஞ்சு மணிக்கு நாம காய் நறுக்கிட்டு இருந்தோமே?" என்று மெல்லக் கேட்டான்.

கூட்டம் முடிந்ததும் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டது பிள்ளை.

"ஏம்மா அப்படிச் சொன்னே? நான் கூப்பிடவே இல்லையே."

"கூப்பிடலன்னு தெரிஞ்சா அம்மா போனை வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீங்க கூப்பிட்டா நான் எப்படிப் பேசுறது?"

"அஞ்சு மணிக்கு என்ன பண்ணுவே?"

"போனைக் காதுல வெச்சுட்டுப் படிப்பேன். பக்கத்து வீட்டு அத்தை பார்த்துட்டு அம்மாகிட்ட சொல்வாங்க."

அக்காவின் மானத்தைக் காப்பாற்றத்தான் பிள்ளை பொய் சொன்னாள் என்று டாக்டர் நினைத்திருந்தாள். அப்படி நினைத்ததற்கும் சேர்த்துக் கூனிக் குறுகினாள்.

சாயங்காலம் பிள்ளையின் அம்மா வீடு திரும்பியதும் டாக்டர் கூப்பிட்டு, எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

"போன வாரம் என் வார்டுல ரெண்டு பேருக்கு நோய்," என்றாள் அம்மா. "உள்ளே போகாதேன்னு சொல்ல மேஸ்திரி போன் பண்ணியிருக்காரு. போன் வீட்டுலதான் அடிச்சிருக்கு. நான் அதே வார்டைத் துடைச்சிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. பிள்ளை படிப்புக்குத்தானே போன் வீட்டுல இருக்குன்னு நானும் பேசாம விட்டுட்டேன்."

"மன்னிச்சிடுங்க."

"அது இருக்கட்டும். பிள்ளை படிக்கணும். இனிமே போன் என்கூட வரும். ஏழு மணிக்குக் கூப்பிடுங்க, நான் பக்கத்துல இருப்பேன்."

டாக்டர் அன்றே படிவங்களைத் திருத்தி, நடந்ததை எழுதி அனுப்பினாள். ஒருங்கிணைப்பாளரிடமிருந்து 'கிடைத்தது' என்று ஒற்றைச் சொல் பதிலாக வந்தது.

பள்ளி திறக்கும்வரை அவள் ஒரு நாள்கூட விடவில்லை. ஒவ்வொரு நாளும் அம்மாதான் எடுப்பாள். "மணி ஏழு" என்றோ "ஏழு அடிச்சு ரெண்டு நிமிஷம்" என்றோ சொல்லிவிட்டுத்தான் போனை மகளிடம் தருவாள். "சரிங்க" என்பாள் டாக்டர்.